இஞ்சிக்கு மாற்றிக்கொண்ட சொல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு உனக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கையெழுத்தும், பால்காரருக்காகக் கதவில் செருகி வைக்கும் "இன்று வேண்டாம்" என்ற துண்டுச் சீட்டும்தான். அதையும் மலையாளத்தில்தான் எழுத வேண்டும். நாலு பேர் கூடி நின்றால் அந்தப் பக்கம் போகக் கூச்சப்பட்டு அடுத்த சந்து வழியாகச் சுற்றிப் போகிறவள் நான். இதை யாரிடமாவது வாயால் சொல்லலாம் என்றால் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தேன். என் வீட்டுக்காரரின் தாத்தா காலத்திலேயே அவர்கள் குடும்பம் தெருக் கூட்டும் வேலைக்காக இங்கே வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் அதே துப்புரவு வேலையில்தான் இருக்கிறார். நான் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். பெண்கள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, சாக்கிலிருந்து கொட்டிய சுக்கைத் தேய்த்து, பூச்சி அரித்ததை ஒரு பக்கமும் உடைந்ததை ஒரு பக்கமும் தள்ளுவோம். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அந்தத் தூசி பழகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்தான் தும்முவார்கள்.

எங்கள் காலனியின் பழக்கம் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் சாதிப் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சில்கூட "நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்பார்கள், "நம்ம ஆளுங்கதான்" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். வெளி ஆட்கள் கேட்டால் "தமிழர்" என்போம். இங்கே அதுவே போதுமான அளவுக்குத் தாழ்வான பதில்தான். அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு தோல் பறை இருக்கிறது. என் மாமனார் கொட்டியது, இப்போது என் வீட்டுக்காரர் கொட்டுவது. காலனியில் சாவு விழுந்தாலும், மாரியம்மன் கோயில் கொடை விழா வந்தாலும் அதை எடுப்பார். கொச்சிக் காற்றில் மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும் என்பதால் அதைப் பழைய லுங்கியில் தைத்த பையில் போட்டு, அடுப்புக்குமேல் ஆணியில் தொங்கவிட்டிருப்போம். சமைக்கும் சூடு அதற்கும் கொஞ்சம் போய்ச் சேரும். அதையும் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அதைக் கொஞ்சம் தள்ளி மாட்டு, எண்ணெய் தெறிக்குது" என்போம். "அது" என்றாலே எல்லோருக்கும் புரியும்.

எங்களுக்கு ஒரே மகள். எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். போர்ட் கொச்சியிலிருந்து போட்டில் போய் வருவாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலுக்குள் போன முதல் ஆள் அவள்தான்.

ஒருநாள் சாயங்காலம் நான் சாயாவுக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பையைப் போட்டுவிட்டு, "அம்மா, அதைத் தட்டாதே. குடு" என்று இஞ்சியை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏட்டி, சாயா வேண்டாமா?"

"இதைப் பத்தித்தான் நான் பேசப் போறேன்."

அவர்கள் வகுப்பில் ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆங்கிலச் சொல். அந்தச் சொல் எங்கே பிறந்தது, எந்தெந்தப் பாஷை வழியாக இங்கிலீஷுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தேடி, அடுத்த திங்கட்கிழமை மேடையேறிச் சொல்ல வேண்டும். சொற்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிக் கொடுத்தார்களாம்.

"எனக்கு ஜிஞ்சர்," என்றாள்.

அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டு நான் ஆடிப்போனேன். இங்கிலீஷ் ஜிஞ்சர் அதற்கு முன் பிரெஞ்சுக்காரர் வாயில் இருந்ததாம். அதற்கு முன் லத்தீனில். அதற்கு முன் கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ். அதற்கும் முன்னால் நம் நாட்டுப் பாலி பாஷையில் சிங்கிவேரம், சமஸ்கிருதத்தில் சிருங்கவேரம். கொம்பு மாதிரி உடம்புள்ளது என்று பண்டிதர்கள் அதற்குப் பொருள் சொன்னார்களாம். மகள் இஞ்சியை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். மான்கொம்பு மாதிரிதான் இருந்தது.

"ஆனா கொம்பு கதையெல்லாம் பெறகு சேர்த்ததும்மா. அடியில இருக்கறது இஞ்சி. இஞ்சிவேர். நம்ம சொல்லு."

"நம்மளுதா?"

"நம்மளுதுதான். நீ தெனமும் கையில பிடிக்கறதுதான்."

இஞ்சி இல்லாத சாயாவைக் குடித்துக்கொண்டே நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஜிஞ்சர், ஜிங்கிபெரிஸ், சிங்கிவேரம், இஞ்சிவேர். கிடங்கைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் வாசலில் நின்று "ஜிஞ்சர், ஜிஞ்சர்" என்று போட்டோ எடுக்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர்கள் வாயில் இத்தனை நாளும் இருந்தது என் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது.

மறுநாள் கிடங்கில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. வாயே திறக்காதவள் திறந்ததும் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். எதிரே உட்காரும் மலையாளத்துச் சேச்சி முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ இனி நினக்குக் கூலி டாலர்ல தரணும்னு முதலாளிகிட்ட பறயட்டே?" என்றாள். இன்னொருத்தி, "தும்மலுக்கும் கிரேக்கத்துல பேரு உண்டோன்னு மோள்கிட்ட கேளு. அதுவும் நம்ம வைச்சதாயிருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று நல்லதாக, சுக்காகக் காய்ந்த ஒரு முழு இஞ்சிக் கொம்பைப் பொறுக்கி, கேட்டு வாங்கிக்கொண்டு, மகள் மேடையில் காட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் நிகழ்ச்சி. மாலை நாலு மணி சுமாருக்கு வாசலில் "ஆன்ட்டீ" என்று குரல் கேட்டது. மகளின் கூட்டுக்காரி. இங்கே தோழியை அப்படித்தான் சொல்வோம். ஜூ டவுன் என்கிற யூதத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவரின் பெண். முஸ்லிம் குடும்பம். தினமும் மகளோடு ஒரே போட்டில் போகிறவள். அவளைப் பற்றி மகள் பேசாத நாள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. மகள் யாரையும் கூட்டி வரமாட்டாள்.

"நீ ஏன்டி சொல்லாம வந்தே?" என்றாள் மகள். முகம் வெளுத்திருந்தது. வீடு சின்னது என்று கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"உன்னைக் காண யாரு வந்தா? நான் ஆன்ட்டியைக் காண வந்தேன்," என்றபடி அந்தப் பெண் உள்ளே வந்து, நான் நாற்காலியைத் துடைப்பதற்குள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, நான் தமிழ் படம் பார்த்துப் பார்த்துத் தமிழ் படிச்சவளாக்கும். தப்பாப் பேசினா சிரிக்கக்கூடாது, கேட்டோ?"

"நல்லாத்தானே பேசறே மோளே. வாப்பா சுகமா?"

"சுகம். கடையில ஒரு வெள்ளைக்கார மதாம்மாக்கு மரப்பெட்டி விக்கறார். போன மாசம் செஞ்ச பெட்டி. இன்னைக்கு அதுக்கு இருநூறு வயசாயிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினேன். எங்கள் வீட்டில் அடுப்பும் முன்னறையும் ஒன்றுதான். நடுவில் ஒரு திரைச்சீலை, அதுவும் பகலில் ஒதுக்கியே இருக்கும். "அம்மா, இவளுக்குப் பால் ஆடை ஆகாது. கண்டாலே ஓங்கரிப்பா. வடிகட்டிக் குடு," என்றாள் மகள். அதைச் சொல்லிவிட்டு என்னை வேறு எதுவும் பேச விடாதவள்போல் எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். "வா, போட் ஜெட்டிப் பக்கம் போயிட்டு வரலாம்" என்று கூட்டுக்காரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாயா குடிக்காமலா? போடீ."

கிடங்கில் ஒருநாள் பேசிய தைரியம் எனக்கு இன்னும் மிச்சமிருந்தது. நானே வாய் கொடுத்தேன். "தமிழ் வார்த்தைன்னா கேளு மோளே, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். இவளோட இஞ்சியே நம்ம சொல்லுதானாம்."

"இஞ்சியா? ஆன்ட்டி, இஞ்சி இவளோடது இல்ல! எனக்குக் கிட்டின சீட்டு அது. இவ கெஞ்சிக் கெஞ்சி என்கிட்டேருந்து மாத்திக்கிட்டா. எங்கம்மா சுக்குக் கிடங்கிலயாக்கும், எனக்குத் தா, தான்னு. போட்டு அக்கரை சேர்ற வரை சொல்லிக்கிட்டே இருந்தா. சரி, பாவம்னு கொடுத்தேன். பதிலுக்கு இவளோட சொல்லு எனக்கு. அதைக் கேக்கத்தான் வந்தேன். அதுவும் தமிழாம்!"

நான் மகளைப் பார்த்தேன். அவள் பிஸ்கட் தட்டைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"என்ன சொல்லு மோளே அது?"

"பரையா."

எனக்கு முதலில் புரியவில்லை. இங்கிலீஷ்காரர் சொல்வதுபோல் நாக்கைச் சுருட்டிச் சொன்னாள். ஏதோ வெளிநாட்டு ஊர் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்து, அதில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தன் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"தமிழ்ல ஒரு தோல் கொட்டு உண்டாம். அதோட பேரு பறை. அதைக் கொட்டற ஆளுகளுக்குப் பறையர்னு பேரு. இங்கே நம்ம நாட்டிலயும் அந்த ஜாதி உண்டல்லோ. போர்த்துகீஸ்காரங்க வந்து இறங்கினப்போ அந்தப் பேரைக் கேட்டு, அவங்க வாயில அது பாரியான்னு ஆச்சு. அங்கேருந்து இங்கிலீஷ். நேரா தமிழ்லேருந்தே போச்சுன்னும் சிலர் எழுதியிருக்காங்க. எனக்கு டவுட்டு இதுதான் ஆன்ட்டி. அந்தக் கொட்டு எப்படி இருக்கும்? எனக்கு ஒரு போட்டோ வேணும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை. என் தலைக்கு ஒரு முழம் மேலே அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்தச் சுவருக்குள் ஒருவரும் உச்சரித்துக் கேட்காத பெயர். என் மகளின் சர்டிபிகேட்டில் இருக்கும், அதைப் பார்த்ததும் மடித்துவிடுவோம். அதை ஒரு பெண்பிள்ளை எங்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாட்டு வரி சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அடுப்பை அணைத்தேன். பிறகு ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "இங்கிலீஷ்ல அதுக்கு என்ன அர்த்தம்?"

"எல்லாரும் சேர்ந்து ஒதுக்கி வைச்ச ஆள். யாரும் பக்கத்துல சேர்க்காத ஆள். ஆளு மட்டும் இல்ல. ஒரு ராஜ்யம் அக்கிரமம் பண்ணி, மத்த ராஜ்யமெல்லாம் அதைத் தள்ளி வைச்சா, பேப்பர்ல பரையா ராஜ்யம்னு எழுதுவாங்க."

"அக்கிரமம் பண்ணினதுக்கா?"

"ஆமா ஆன்ட்டி."

நாங்கள் என்ன அக்கிரமம் பண்ணினோம் என்று என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். சாயாவை ஆற்றி, மகள் சொன்னபடி வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் அதைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் குழாயடியில் ஒரு செம்பட்டை நாய் படுத்திருந்தது. தெருநாய்தான். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது மீன் தலையோ ரொட்டியோ கொண்டுவந்து போடுவார், அதனால் அது எங்கள் வாசலை விட்டுப் போகாது. அவர் அதற்குப் பேர்கூட வைக்கவில்லை, "டேய்" என்பார்.

"பின்னே, நாயும் உண்டு ஆன்ட்டி!" என்றாள் அவள். "அதோ கிடக்கறானே, நம்ம தெருநாய், இவனுக்கு இங்கிலீஷ்ல பேரே பரையா டாக். டேய் பரையா! வாடா இவிடே! பிஸ்கட் வேணுமா?"

நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சந்தைத் தெருவில் அவருக்கு வேலை. மின்னும் பச்சை மேற்சட்டை, கையில் நாய்க்கு ஒரு பொட்டலம். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மறு செருப்போடு படியில் நின்றார். அவள் நாயைக் கூப்பிட்டதை அவர் கேட்டிருக்கிறார்.

"மோளே, நாய்க்கு இந்தப் பேரை யாரு வைச்சது?"

சத்தமாகக் கேட்கவில்லை. வழி கேட்பதுபோல் கேட்டார்.

"இங்கிலீஷ்காரங்க அங்கிள்," என்று அவள் சிரித்தபடி சொன்னாள். "ஒரு ஜாதிப் பேருலேருந்து..."

"அது நாங்க."

மகள்தான் சொன்னாள். கூட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். "என்னது?"

"நீ இப்பப் படிச்சியே, கொட்டற ஆளுங்க. அது நாங்க. இது எங்கப்பா. அந்தா, அடுப்புக்கு மேல பையில தொங்குதே, அதுதான் பறை. போட்டோ வேணுமா? எடுத்துக்க. அதனாலதான்டி உன்கிட்டே மாத்திக்கிட்டேன்."

ஒரு முகத்தில் இருக்கும் சிரிப்பு எப்படி இறங்கும் என்று அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஒரேயடியாக இறங்கவில்லை. கண் முதலில் நின்றது. வாய் மட்டும் சிரித்த மாதிரியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவள் போனைக் குப்புற வைத்தாள், மறுபடி எடுத்தாள், பையில் போட்டாள். எழுந்து, என் வீட்டுக்காரரை உரசாமல் ஒதுங்கி வாசலில் இறங்கி, செருப்பைச் சரியாக மாட்டாமல் இழுத்துக்கொண்டே போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்குக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டம்ளரைப் படிக்கத் தெரியும். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. என் ஊரில், என் சின்ன வயதில், அம்மா மோர் கொடுத்தால் "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். குறைந்தது அவர்கள் ஒரு பொய்யாவது சொன்னார்கள். மகள் டம்ளரைப் பார்த்தாள், நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஒருவரும் அதைத் தொடவில்லை.

அவர் மேற்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். "என்ன கதை இது? சொல்லு," என்று மகளிடம் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். போர்த்துகீஸ், இங்கிலீஷ், ராஜ்யம், பேப்பர், எல்லாம்.

"அப்ப உலகம் பூரா தெரியுமா நம்ம பேரு?" என்று கேட்டுவிட்டு அவர் ஒரு மாதிரிச் சிரித்தார். "எங்க தாத்தா போட்டு ஏறவே பயப்படுவாரு. பேரு கப்பலேறிப் போயிருக்கு பாரு." அப்புறம் சிரிப்பு நின்றது. "ஆளுக்கு வைச்சான் சரி. நாய்க்குமா வைச்சான்?"

பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"நீ எதுக்குட்டி சீட்டை மாத்தினே?"

"எல்லார் முன்னாலயும் நின்னு நான் எப்படிப்பா அதைச் சொல்வேன்?"

"நான் தெனமும் எல்லார் முன்னாலயும்தானே நிக்கறேன்," என்றார் அவர். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. மேசைமேல் நான் கொண்டுவந்த இஞ்சிக் கொம்பு இருந்தது. ஒரு வாரமாக அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாரமும் என் மகள் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். இஞ்சியும் எங்கள் பெயரும் இதே மாதிரி ஒரு கடற்கரையிலிருந்து ஒரே மாதிரிக் கப்பல்களில்தான் போயிருக்க வேண்டும். ஒன்றை எங்கே கொண்டு இறக்கினாலும் விலை கொடுத்து வாங்கினார்கள். மற்றதை எதன்மேல் ஒட்டித் தள்ளி வைக்கலாம் என்று தேடியிருக்கிறார்கள். எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை. பிஸ்கட் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். டம்ளரை மட்டும் எடுக்க முடியவில்லை. கொட்டினால் அவள் செய்ததை நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

வெளிச்சம் குறையும் நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் நாய் எழுந்து நின்றது. அவள்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் படியில் ஒரு கால் வைத்து நின்றாள்.

"ஆன்ட்டி, எனக்கு வைச்ச சாயா எங்கே?"

"ஆறிப் போச்சு மோளே. வேற போடறேன்."

"வேண்டா. அது மதி, அதே போதும்."

உள்ளே வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். வடிகட்டித்தான் ஊற்றியிருந்தேன், ஆனாலும் அத்தனை நேரம் வைத்ததில் மேலே கெட்டியாக ஆடை படிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆடையோடு ஒரே மூச்சில் குடித்தாள். பாதியில் தோளிரண்டும் குலுங்கின.

"ஓங்கரிக்கப் போறே, விட்டுடு!" என்று மகள் கத்தினாள்.

"ஓங்கரிச்சா ஓங்கரிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தாள். டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். மேலுதட்டில் ஆடை ஒட்டியிருந்தது. மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நான் அந்த நாயைக் கூப்பிட்டேனே," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "அங்கிள் வரும்போது கூப்பிட்டேனே. எனக்கு இங்கே நிக்க முடியல. ஜெட்டி வரை ஓடிட்டேன். அங்கே உட்கார்ந்தப்புறம்தான் ஓர்மை வந்தது, சாயாவை வைச்சுட்டு வந்துட்டேன்னு. அதை நீங்க என்னன்னு நினைப்பீங்கன்னு..."

நான் தவறாகப் படித்துவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போனது வெட்கத்தில். எங்கள் மேலுள்ள வெட்கம் இல்லை, தன்மேலேயே வந்த வெட்கம். எனக்கு அப்படி ஒரு வெட்கம் வெளி ஆட்களுக்கு வரும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

"அந்தச் சொல்லை நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள் மகளிடம். "நான் சொன்னா திட்டற மாதிரி இருக்கும். டீச்சர்கிட்ட எனக்கு வயித்துவலின்னு சொல்லிடறேன்."

"வேண்டாம். உன் இஞ்சியை நீயே எடுத்துக்க."

"அப்ப நீ?"

மகள் மேசைமேல் இருந்த இஞ்சிக் கொம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு அடுப்புக்கு மேலே பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"அதைத் தரமாட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர். அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. "மழைக்காலம். போட்டுல கொண்டுபோனா தோல் தொய்ஞ்சுரும்."

"கேக்கலப்பா."

"சாவுக்கும் சாமிக்கும்தான் எடுக்கறது. காட்சிக்கு வைக்கறது இல்ல."

"சரிப்பா. நான் சும்மா வாயாலதான் சொல்லப் போறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்னன்னு சொல்வே?"

"பறைன்னு ஆரம்பிப்பேன். நாய் வரைக்கும் சொல்வேன். எங்கப்பா கொட்டுவார்னும் சொல்வேன்."

அவர் எழுந்தார். கொண்டுவந்த பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "டேய், வா" என்று அவர் நாயைக் கூப்பிட்டது கேட்டது. கூட்டுக்காரி அந்தக் குரலைக் கேட்டு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். நான் காலி டம்ளரை எடுத்துக் கழுவி, எங்கள் டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, மகள் மேடையேறி, சொன்னபடியே அந்தச் சொல்லைப் பற்றிப் பேசினாள். அவள் பேசும்போது மைக் இரண்டு தடவை நின்றுபோனதாம். கூட்டுக்காரி இஞ்சியைப் பற்றிப் பேசினாள். அன்று எங்கள் கிடங்குக்கு வந்த லோடு மழையில் நனைந்திருந்ததால் மத்தியானமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.